கீலைத் தூக்கினால் வள்ளம் பிரளாதோ?

பாய்ப்படகு விற்பவர்கள் தரும் விவரத் தாளில் நீளம், அகலம், எடை, பாய்களின் பரப்பு என்று எண்கள் வரிசையாக இருக்கும். படகு மிதக்க எவ்வளவு ஆழத் தண்ணீர் வேண்டும் என்ற வரியில் மட்டும் சில படகுகளுக்கு இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: 0.75 மீற்றர், 2.20 மீற்றர் என்பதுபோல. அப்படி இரண்டு எண் இருந்தால் அது கீலைத் தூக்கி இறக்கும் படகு. வாங்க வருபவரின் கண் முதல் எண்ணிலேயே நின்றுவிடும். தொடையளவு தண்ணீரில் மிதக்கும், பெரிய படகுகள் எட்டிப் பார்க்க முடியாத ஓடைகளுக்குள் போகலாம், மணலில் ஏற்றி நிறுத்திவிட்டு ஏணிவழியே இறங்கி நடக்கலாம் என்று மனம் ஓடத் தொடங்கும். அந்த ஆசையில் தவறில்லை. எனக்கும் அது உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலும் கிழக்குக் கரையிலும் படகுப் பட்டறைகளில் வேலை செய்து, பிறகு பழைய படகு வாங்குபவர்களுக்காக அதைச் சோதித்து அறிக்கை எழுதும் தொழிலுக்கு வந்தவன் நான். என் உழைப்பில் பெரும்பகுதி அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பொறியோடுதான் போயிருக்கிறது.

கீல் என்று நான் சொல்வது நம் ஓடாவிமார் வைக்கும் ஏராக்கட்டையை அல்ல. ஏரா படகின் நீளத்துக்கும் ஓடும். இந்தக் கீல் படகின் நடுவில், மீனின் செட்டைபோல நேரே கீழிறங்கி நிற்கும் கனமான தகடு. அதற்கு இரண்டு வேலை. பாயில் காற்று அடித்துப் படகைச் சரிக்கும்போது, கீழே தொங்கும் எடை அதை நிமிர்த்த வேண்டும். காற்றை எதிர்த்துக் கோணலாக ஓடும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் அந்தத் தகடு தண்ணீரில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று எடையின் வேலை, மற்றது தகட்டின் வடிவத்தின் வேலை. தூக்கும் கீலைப் பற்றிய எல்லா வடிவமைப்பும் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக வைப்பதா, பிரிப்பதா என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது.

பட்டறையில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் முதன்முதலாகக் கீல் உள்ளே ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணை, கீலைத் தூக்கினா வள்ளம் பிரளாதோ?" இவ்வளவு கூர்மையாக அந்தக் கேள்வியைப் படகு வாங்க வந்த எவரும் என்னிடம் கேட்டதில்லை. பாக்கு நீரிணைக் கரையில் வளர்ந்தவருக்கு ஆழமில்லாத தண்ணீர் புதிதல்ல. ஆனால் அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும். வள்ளத்துக்கு ஆழமான கீலும் கிடையாது. வேண்டுமானால் ஆட்கள் கூடிக் கரைக்கு இழுத்துவிடலாம். இங்கே கதை வேறு. பிறிஸ்ரல் வாய்க்காலில் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் 14 மீற்றர் வரை போகும். பிரான்ஸின் சென் மாலோவில் 12 மீற்றருக்கு மேல். எசெக்ஸ் மாவட்டத்துக் கழிமுகங்களில் அவ்வளவு இல்லாவிட்டாலும், காலையில் கப்பலோட்டிய வழியில் பின்னேரம் சேறும் நண்டும்தான் இருக்கும். நிலையான ஆழக்கீல் உள்ள படகு அங்கே தட்டினால் பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். தண்ணீர் திரும்பி வரும்போது படகு நிமிர்வதற்கு முன் உள்ளே வெள்ளம் ஏறிவிடக்கூடும். அதனால்தான் இந்தக் கரைகளில் கீலைத் தூக்கும் கலை வளர்ந்தது.

பழைய கலைதான் அது. நம் கட்டுமரக்காரர் மரங்களுக்கு இடையில் பலகையைச் செருகிக் காற்றை எதிர்த்து ஓடியிருக்கிறார்கள். சீனத்துப் பாய்க்கப்பல்களிலும் தென்னமெரிக்க மேற்குக்கரைத் தெப்பங்களிலும் அதே வழக்கம் உண்டு. ஆங்கிலக் கடற்படையில் ஜோன் ஷாங்க் என்ற அதிகாரி 1774 இல் பொஸ்ரன் நகரில் சறுக்கி இறங்கும் கீல் வைத்து ஒரு படகு கட்டினார். அவருடைய முறைப்படி மூன்று சறுக்குக் கீல்களோடு 1798 இல் நீரில் இறக்கப்பட்ட 'லேடி நெல்சன்' என்ற சிறிய கப்பல் 1800 இல் அவுஸ்திரேலியா போய், ஆழம் தெரியாத கரைகளை அளந்தது. ஒரு முளையில் சுழன்று ஏறும் நடுப்பலகைக்கு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஸ்வெய்ன் சகோதரர்கள் 1811 இல் காப்புரிமை வாங்கினார்கள். ஆழமில்லாத படகு ஆழ்கடலில் ஓடாது என்று நம்பியவர்களின் வாயை அடைத்தது 'ஃபினிஸ்தெயர்'. ஸ்பார்க்மன் அண்ட் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த, 39 அடிக்கும் குறைவான, அகலமான நடுப்பலகைப் படகு அது. கார்ல்ரன் மிச்செல் அதை ஓட்டி 1956, 1958, 1960 என்று அடுத்தடுத்து மூன்று பெர்முடா போட்டிகளில் வென்றார்.

இன்றைய படகுகளுக்கு வருகிறேன். எடையையும் தகட்டையும் ஒன்றாக வைப்பது ஆங்கிலேயர் பெரிதும் விரும்பிய வழி. சிச்செஸ்ரர் துறைக்குள் இருக்கும் இச்சனோர் என்ற ஊரில் நோர்த்ஷோர் பட்டறை கட்டிய 'சதர்லி' படகுகளில் படகின் அடியிலேயே ஒரு பெரிய வார்ப்பிரும்புத் தட்டு பொருத்தியிருக்கும். இரும்புக் கீல் முன்பக்கத்து முளையில் சுழன்று, அந்தத் தட்டின் பள்ளத்துக்குள் போய்ப் படுத்துவிடும். தட்டு மூன்று வேலை செய்கிறது: கீலுக்கு இருப்பிடம், படகுக்கு அடிப்பாரம், வற்றில் தரையில் உட்காரும்போது படகின் பாதம். கீல் மேலே இருந்தாலும் தட்டின் எடை அடியிலேயே கிடக்கிறது. இந்த ஏற்பாட்டை நினைத்தவரின் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் பிரித்தார்கள். லெ சாப்ல் தொலோனில் அலுபா நிறுவனம் கட்டும் 'ஓவ்னி' படகுகள் அலுமினியத்தால் ஆனவை. பெரும்பாலும் நிறம்கூடப் பூசாமல் வெறும் உலோகமாகவே ஓடும். எடை முழுவதும் படகின் அடிவயிற்றுக்குள் கிடக்கிறது. இறங்கி ஏறுவது எடை குறைந்த தகடு மட்டும். அதன் வேலை பக்கவாட்டு நழுவலைத் தடுப்பதே. தகட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் படகின் நிமிரும் பலம் அவ்வளவாக மாறாது. ஆனால் எடை மேலே இருப்பதால் அதிக எடை போட வேண்டும், படகை அகலமாகக் கட்ட வேண்டும். உலகப் பயணங்களுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதிய ஜிம்மி கோர்னெல் ஓர் ஓவ்னியில் நீண்ட தூரம் ஓடினார். அதற்குப் பிறகு அவர் ஓட்டிய கார்சியா படகும் ஏறி இறங்கும் நடுப்பலகை கொண்ட அலுமினியப் படகுதான். அதிலே அவர் கனடாவுக்கு வடக்கே பனிக்கடல் வழியாகப் போய்வந்தார்.

மூன்றாவது வழியில் கீல் சுழலாது. நேரே மேலே ஏறும். நுனியில் ஈயக்குண்டு வைக்கலாம், தகட்டை ஆழமாகவும் ஒடுக்கமாகவும் செய்யலாம். காற்றை எதிர்த்து ஓடுவதில் இதற்கு நிகரில்லை. ஆனால் சுழலும் கீல் தரையில் மோதினால் பின்னால் மடிந்து தப்பிக்கொள்ளும். நேரே ஏறும் கீலுக்கு மடிய வழியில்லை. மோதிய வேகம் முழுவதையும் கீல் ஏறி நுழையும் உறையும் அதைச் சுற்றிய படகுடலும்தான் வாங்க வேண்டும். வேகமாக ஓட விரும்புபவருக்கு அது பொருந்தும். ஓடைகளைத் தேடி நுழைபவருக்குச் சுழலும் கீலைத்தான் நான் சொல்வேன். சுற்றிப் பார்க்க மட்டும் ஆசை, வேகம் பெரிதில்லை என்பவருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை; இரண்டு பக்கமும் குட்டையான நிலைக்கீல் வைத்த படகே போதும். 'வெஸ்ரர்லி சென்ரோர்' அப்படிப்பட்டது. 1969 முதல் 2,000 க்கு மேல் கட்டினார்கள். இன்றும் கழிமுகமெங்கும் நிற்கின்றன. அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத அடி.

தம்பியின் கேள்விக்குப் பதிலைக் கணக்காகத்தான் சொன்னேன். 6 தொன் எடையுள்ள படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் கீல் 1,500 கிலோ. இறக்கும்போது கீலின் ஈர்ப்பு மையம் 0.6 மீற்றர் கீழே போகிறது. கீல் மொத்த எடையில் கால்வாசி என்பதால் முழுப் படகின் ஈர்ப்பு மையமும் 0.6 இல் கால்வாசி, அதாவது 15 சென்ரிமீற்றர் இறங்கும். படகு 30 பாகை சரிந்திருக்கும்போது இது நிமிர்த்தும் கையை ஏழரைச் சென்ரிமீற்றர் நீட்டுகிறது. 6 தொன்னால் பெருக்கினால் 450 கிலோகிராம்-மீற்றர்; கீலைத் தாங்கும் தண்ணீரின் மிதப்பைக் கழித்தால் சற்றுக் குறையும். தலைக்கு 75 கிலோ எடையுள்ள நாலு பேர் காற்றடிக்கும் பக்கத்து விளிம்பில் போய் உட்கார்வதற்கு ஏறக்குறைய இது சமம். ஆகவே கீலைத் தூக்கியவுடனே படகு பிரளாது. ஆனால் பாயை விரித்து ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் தூக்கினால் அந்த நாலு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பி நடுவில் உட்காரவைத்ததுபோல ஆகும். காற்று பலமாயிருந்தால் முதலில் பாயைச் சுருக்கு, பிறகு கீலைத் தொடு என்று பட்டறையில் எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சாதாரணச் சரிவில் நடப்பது ஒன்று. முழுவதும் பக்கமாக விழுந்த படகு எழும்புமா என்பது வேறு. 1979 ஆம் ஆண்டு ஃபாஸ்ற்நெற் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன; புயலில் போட்டியாளர் 15 பேர் இறந்தார்கள். ஒரு படகு எவ்வளவு சரியும்வரை தானாக எழும்பும் என்பதை அதன் பிறகு எல்லோரும் தீவிரமாக அளக்கத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு ஐ.எஸ்.ஓ. 12217 என்ற தரவிதி இருக்கிறது. படகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, ஒவ்வொரு கோணத்திலும் நிமிரும் பலம் எவ்வளவு என்று கோடு வரைவார்கள். அந்தக் கோடு பூச்சியத்தைத் தொடும் கோணத்தைத் தாண்டினால் படகு தலைகீழாகப் போய்விடும். ஆழ்கடலுக்கான 'அ' வகுப்புக்கு அந்தக் கோணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எளிய விதி: 130 இலிருந்து தொன்னுக்கு 2 பாகை கழிக்க வேண்டும், ஆனால் 100 க்குக் கீழே போகக் கூடாது. 6 தொன் படகுக்கு 118 பாகை வேண்டும். 10 தொன் படகுக்கு 110 போதும். 15 தொன்னுக்கு 100.

இந்த விதியை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது பல நாள் புதிராயிருந்த ஒன்று எனக்குப் பிடிபட்டது. எடையை வயிற்றில் வைத்த அகலமான பிரெஞ்சுப் படகுகள் ஏன் பெரும்பாலும் 12 மீற்றரும் அதற்கு மேலுமாக இருக்கின்றன? எடை மேலே இருந்தால் அந்தக் கோணம் குறையும். சிறிய படகில் 118, 120 பாகை காட்டுவது கடினம். பாரமான பெரிய படகில் 110 காட்டினால் போதும். கடல்தான் இதற்குக் காரணம்: பெரிய எடையைப் புரட்ட அலைக்கு அதிக வேலை வேண்டும். ஆகவே 'அ' வகுப்பு என்ற முத்திரையை மட்டும் பார்த்து, 9 மீற்றர் தூக்குக்கீல் படகையும் 14 மீற்றர் படகையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அதோடு, கீல் பாரமானதாக இருந்தால் ஒரே படகுக்கு இரண்டு கோடுகள் வேண்டும்: கீல் கீழே, கீல் மேலே. விற்பனைத் தாளில் அச்சிடப்படுவது எப்போதும் அழகான கோடுதான்.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரமான கீல் கயிற்றாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால், படகு தலைகீழாகும்போது அது தன் எடையாலேயே உறைக்குள் விழும். நிமிர்த்த வேண்டிய எடை அந்த நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். அதனால் ஆழ்கடலில் கீலைக் கீழே இறக்கி, குறுக்கே முளை போட்டுப் பூட்டியே வைக்க வேண்டும். ஆனால் பூட்டிய கீல் தரையில் தட்டினால் மடியாது. ஆழமில்லாத இடத்துக்கு வரும்போது பூட்டைக் கழற்ற வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள். நல்ல வடிவமைப்பாளர் நடுவில் ஒரு பலவீனத்தை வேண்டுமென்றே வைப்பார்: கணக்கிட்ட அடியில் முறியும் ஓர் ஊசி, அல்லது அளவுக்கு மேல் அழுத்தம் வந்தால் எண்ணெயை விட்டுக்கொடுக்கும் ஒரு வால்வு. தலைகீழான படகில் கீலின் எடையைத் தாங்கும் அளவுக்குப் பலம், பாறையில் மோதினால் முறியும் அளவுக்கு மென்மை. படகில் ஏறியதும் நான் முதலில் தேடுவது அந்த ஊசியைத்தான். பழைய படகுகளில் யாரோ அதை எடுத்துவிட்டுத் தடித்த போல்ற்றைப் போட்டிருப்பார்கள். ஒருமுறை முறிந்த எரிச்சலில் செய்த வேலை. அதைக் கண்டால் உறையின் வெடிப்புகளைக் கூடுதல் வெளிச்சம் வைத்துப் பார்ப்பேன்.

உறைதான் இந்தப் படகின் இதயம். படகின் அடியில் நீளமாக ஒரு வாய் வெட்டி, அதன் மேல் தண்ணீர் புகாத பெட்டி கட்டுகிறோம். படகு அதிக பலத்தோடு இருக்க வேண்டிய நடுக்கோட்டிலேயே வெட்டு விழுகிறது. பாய்மரத்தின் அழுத்தம் கீழே இறங்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். கீல் பக்கவாட்டில் நெம்பும்போது உறையின் இரண்டு சுவர்களும் பிரிந்துபோகப் பார்க்கும். ஆகவே குறுக்குவாட்டில் பலமான தட்டுகள் வேண்டும், அவை படகின் இரு பக்கச் சுவர்வரை போய்ப் பிடிக்க வேண்டும். கீல்களுக்கும் அவற்றைப் பிடிக்கும் கட்டுமானத்துக்கும் ஐ.எஸ்.ஓ. 12215 இன் 9 ஆம் பகுதி கணக்குகளைக் கொடுக்கிறது: படகு பக்கமாக விழுந்தால், நேரே தரையில் குத்தினால், ஓடும்போது முன்புறம் மோதினால் என்று ஒவ்வொரு நிலைக்கும். வாங்க வருபவர்கள் உறையைப் பார்த்ததும் "அறைக்கு நடுவில் இது இடைஞ்சலாக இருக்கிறதே" என்பார்கள். தச்சர்கள் அதை மேசைக்குக் காலாக்கி மறைத்துவிடுவார்கள். உறைக்கு மேல் திறந்து பார்க்கும் மூடி இல்லாமல் முழுவதும் மரத்தால் மூடிய படகு எவ்வளவு அழகாயிருந்தாலும் என் அறிக்கையில் அதற்கு நல்ல வார்த்தை கிடைக்காது.

அந்த மூடி ஏன் வேண்டும் என்பதைக் கூழாங்கல் கரையில் ஒருமுறை படகை உட்காரவைத்தவர் அறிவார். கீலை முழுவதும் ஏற்றியபின் படகு கற்களின்மேல் அமரும். அலை அலையாக அசையும்போது கற்கள் வாயின் இடுக்குக்குள் ஏறி இறுகிவிடும். பெருக்கு வந்து படகு மிதந்தபின் கீல் இறங்க மறுக்கும். மேலே ஒரு மூடி, அதன் வழியே கீலைத் தள்ள ஓர் இரும்புக்கம்பி. இவ்வளவு இருந்தால் கல் விழுந்துவிடும், பயணம் தொடரும். இல்லாவிட்டால் படகைப் பாரந்தூக்கியில் ஏற்ற வேண்டியதுதான். வடிவமைப்பாளர் தாளில் ஒரு சின்ன வட்டம் வரைந்தாரா இல்லையா என்பதே வித்தியாசம்.

கீல் சுழலும் முளையைப் பார்ப்பதற்கு ஒரே வழி படகைப் பட்டைகளில் தொங்கவிடுவது. வற்றில் மணலில் நிற்கும் படகை எவ்வளவு சுற்றி வந்தாலும் முக்கியமான இடம் தரையில் புதைந்திருக்கும். தொங்கவிட்டு, கீலை முழுதாக இறக்கி, அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பேன். முளைத் துளையில் 1 மில்லிமீற்றர் தேய்வு இருக்கிறது, முளை பிடிக்கும் அகலம் 60 மில்லிமீற்றர், கீலின் நீளம் ஒன்றரை மீற்றர் என்று வையுங்கள். உறையின் பக்கத் தட்டுகள் பிடிக்காவிட்டால் நுனி 25 மில்லிமீற்றர் ஆடும். கையால் தள்ளும்போதே அவ்வளவு ஆடினால் அலையில் அது சம்மட்டியாகும். நங்கூரத்தில் நிற்கும் இரவுகளில் கீழிருந்து வரும் 'டொக், டொக்' சத்தத்தைப் பற்றி உரிமையாளர்கள் புகார் சொல்வார்கள். தூக்கம் கெடுவது சிறிய விஷயம். ஒவ்வொரு தட்டும் துளையைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறது. பக்கங்களில் வழுக்கும் தன்மையுள்ள கடினப் பிளாஸ்ரிக் தகடுகளை வைத்து இடைவெளியைக் குறைத்தால் சத்தமும் தேய்வும் அடங்கும்.

எசெக்ஸ் கரையில் ஓய்வுபெற்ற தம்பதியர் வாங்கவிருந்த படகில் விற்பவர் தரப்பு முளையைக் கழற்றவே வேண்டாம் என்றது. போன வருடம்தான் பார்த்தது, எவர்சில்வர் முளை, கறள் பிடிக்காது என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. துருவேறா உருக்கு காற்றுப் படும் இடத்தில்தான் துருவேறாது. ஒட்சிசன் எட்டாத ஈரமான இடுக்கில், உப்புத்தண்ணீரில், வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளே குழி விழும். கழற்றியபோது முளையின் இரண்டு முனைகளும் புதிதுபோல இருந்தன. நடுவில், துளைக்குள் மறைந்திருந்த பகுதியில், விரல்நகம் போய் மாட்டும் பள்ளங்கள். புது முளை கடைந்து போட்டபின் அந்தத் தம்பதியர் அதே படகைத்தான் வாங்கினார்கள். படகு நல்ல படகு. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

தூக்கும் பொறியிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கீல் நேரே தொங்கும்போது அதைத் தூக்கத் தொடங்குவது இலேசு. ஏற ஏறப் பாரம் கூடும். படுக்கையாகும் நேரத்தில்தான் முழு எடையும் கயிற்றிலோ எண்ணெய்த் தண்டிலோ தொங்கும். கைப்பம்பு அடிப்பவர் கடைசி அடிகளில் மூச்சு வாங்குவது இதனால்தான். வார்ப்பிரும்பு தண்ணீருக்குள் ஏழில் ஒரு பங்கு எடையை இழப்பது சிறிய உதவி. வற்றில் அந்த உதவியும் போய்விடும். மேலே ஏற்றி வைத்த கீலுக்கும் ஒரு பூட்டு வேண்டும். குளிர்காலம் முழுவதும் கயிற்றை நம்பித் தொங்கவிட்டால், எப்போதும் இறுகியிருக்கும் அதே இடத்தில் கயிறு தேய்ந்து அறும்.

அலுமினியப் படகுகளுக்கு வேறு கவலை. 5083 வகை அலுமினியம் உப்புத்தண்ணீரில் நன்றாகத் தாங்கும், ஆனால் செம்பு அதற்கு நஞ்சு. சிப்பி ஒட்டாமல் இருக்கப் பூசும் செம்புப் பூச்சுகளை அதில் தொடவே கூடாது. அடிவயிற்று ஈரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு செப்புக் காசு தகட்டில் குழி தோண்டிவிடும். ஓவ்னி போன்ற படகுகளில் ஏறும்போது சட்டைப்பையிலுள்ள சில்லறையை வெளியே வைத்துவிட்டு ஏறும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுப்பதாக இருந்தால் தனித்துவைக்கும் மின்மாற்றி கட்டாயம் வேண்டும்.

ஆழம் குறைந்தால் சுக்கானும் குட்டையாக வேண்டும். குட்டைச் சுக்கான் ஒன்று மட்டும் இருந்தால் படகு சரியும்போது அது பாதி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். ஆகவே இரண்டு சுக்கான்கள், வெளிப்புறம் சற்றுச் சாய்ந்து. எந்தப் பக்கம் சரிந்தாலும் கீழ்ப்பக்கத்துச் சுக்கான் நேராக நிற்கும். பலமாகக் கட்டியிருந்தால் வற்றில் அவையே பின்கால்களும் ஆகும். எந்திரத்தின் தண்ணீர் உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அடியில் இருந்தால் சேற்றைக் குடிக்கும். காற்றாடித் தண்டு கீல் மேலே இருக்கும்போது படகின் தாழ்ந்த புள்ளியாக இருக்கக் கூடாது. விற்பனைத் தாளில் 0.75 என்று எழுதி, அதற்குக் கீழே தண்டு நீட்டிக்கொண்டிருந்த படகையும் பார்த்திருக்கிறேன்.

படகைத் தரையில் உட்காரவைப்பதில் ஆபத்தான நேரம் தண்ணீர் இல்லாத நேரமல்ல. அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் சில நிமிடங்கள்தான். சிறிய அலைகூட அப்போது முழுப் படகையும் தூக்கிக் குத்தும். காற்று மறைந்த இடம் வேண்டும்; முந்தைய வற்றில் போய் நடந்து, கல்லும் பழைய நங்கூரமும் இல்லாத கெட்டி மணலா என்று பார்த்துவைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தபின் அமைதியாக உட்காரலாம். அப்படி அமர்ந்த படகிலிருந்து ஈர மணலில் இறங்கி நின்று, 6 தொன் படகு நேராக நிற்பதைச் சுற்றிப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இவ்வளவு சிக்கலான பொறியை மனிதர்கள் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அது செலவுக்கு ஏற்ற மகிழ்ச்சிதான்.

இப்படியொரு படகு வாங்க எண்ணியிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முற்பணம் கொடுப்பதற்கு முன், கீல் மேலே இருக்கும் நிலையில் வரைந்த நிமிர்வுக் கோட்டை எழுத்தில் கேளுங்கள். படகைப் பாரந்தூக்கியில் தொங்கவிட்டு, கீலை முழுதாக இறக்கி, முளையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு நாள் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். காட்ட மறுத்தால் அந்தப் படகை வாங்க வேண்டாம்.